வீட்டில் ஏதோ மாறிய பிறகு இகுவானா ஒளிந்துகொள்கிறதா? அறிகுறிவாரியாகச் சரிபார்க்கும் முறை

தீபாவளிக்கு முன் சாயம் பூசும் வாரம், வாடகை வீடு மாறும் மாத இறுதி, புகைமூட்டம் வந்து சன்னல்களையெல்லாம் அடைக்கும் நாட்கள். இந்த மூன்று சமயங்களிலும் ஒரே கேள்விதான் என்னிடம் வருகிறது: "நன்றாக இருந்த இகுவானா ஒளிந்துகொண்டது, வெளியே வர மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" கோலாலம்பூரில் செந்தூல், செத்தாப்பாக் அடுக்குமாடி வீடுகளிலும் பினாங்கில் ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் வீடுகளிலும் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் சோதித்ததில் உருவான வழிமுறை இது. பச்சை இகுவானா வளர்ப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஒளிவது நோய் அல்ல. இகுவானா பெரிய பல்லி இனம்; மரத்தில் வாழ்வது, இலை தின்பது, பருந்துக்கும் பாம்புக்கும் இரையாவது. ஒளியத் தெரிந்ததால்தான் பிழைத்திருக்கிறது. நாம் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பயந்து ஒளிகிறதா, உடம்புக்கு முடியாமல் ஒளிகிறதா? எங்கே ஒளிகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். பயந்த இகுவானா மேலே ஏறும். தரையோடு தரையாக, மூலையில் சுருண்டு கிடந்தால் உடனே கவனமாக வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

கையை உள்ளே விட்டு இழுக்காதீர்கள். வாலைப் பிடித்தால் வால் கழன்றுவிடும். மீண்டும் முளைக்கும் வால் பழைய நீளமும் அழகும் பெறாது. வளர்ந்த இகுவானாவின் வாலடியும் கடியும் தையல் போடும் அளவுக்குக் காயப்படுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளிந்த இடத்திலிருந்து பிடுங்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் பயம் நியாயமானது என்று நாமே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

மறைவிடத்தை அகற்றவும் கூடாது. "ஒளிய இடமில்லாவிட்டால் தானாகப் பழகிவிடும்" என்ற அறிவுரையைப் பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். நான் அதை முழுமையாக மறுக்கிறேன். மறைவிடம் இழந்த இகுவானா அசையாமல் உறைந்து நிற்கும். அதைப் பார்த்து நாம் சாதுவாகிவிட்டதென்று மகிழ்வோம். அது சாதுவாகவில்லை, தப்பிக்கும் வழி இல்லாமல் நிற்கிறது.

பிறகு அளந்து எழுதுங்கள். வெயில் காயும் கிளையில் எவ்வளவு வெப்பம், ஒளிந்திருக்கும் இடத்தில் எவ்வளவு, விடியற்காலை ஆறு மணிக்குக் கூண்டில் எவ்வளவு. கிளையில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கூண்டின் மற்றப் பகுதிகளில் பகலில் 27 முதல் 32 வரை. இரவில் 24 அளவுக்கு இறங்கலாம், அதற்குக் கீழே வேண்டாம். ஈரப்பதம் 60 முதல் 80 விழுக்காடு. கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானியை நம்பாதீர்கள். ஒயர் முனையில் உணரி உள்ள டிஜிட்டல் வெப்பமானியை வாங்கி, உணரியை இகுவானா படுக்கும் இடத்திலேயே வையுங்கள்.

கடைசியாக உண்ட நாள், கடைசியாக எச்சமிட்ட நாள், வீட்டில் மாற்றம் நடந்த நாள் ஆகியவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் கூண்டுக்கு எதிரே வைத்து, யாரும் இல்லாத நேரத்தில் பதிவு செய்யுங்கள். இனி வரும் சோதனைகளில் பாதிக்கு அந்தப் பதிவே பதில் சொல்லிவிடும்.

அறிகுறி 1: உடல் கருத்திருக்கிறது, அசைவு மந்தம், இலையைத் தொடவில்லை

குளிர். வேறெதையும் யோசிப்பதற்கு முன் குளிரைச் சரிபாருங்கள்.

"நம் ஊரில் ஏது குளிர்?" என்று கேட்பார்கள். வெளியே இல்லைதான். வீட்டுக்குள் இருக்கிறது. மகளுக்குக் குழந்தை பிறந்து தாய்வீடு வந்திருப்பாள், கூடத்தில் நாள் முழுக்கக் குளிரூட்டி ஓடும். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து தங்கியிருப்பார்கள், அவர்களுக்கு அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு இகுவானாவின் கூண்டைக் குளிரூட்டி உள்ள அறைக்கு மாற்றியிருப்பார்கள். புகைமூட்டக் காலம் இன்னும் மோசம். 2015இலும் 2019இலும் காற்று மாசு உச்சத்துக்குப் போனபோது எல்லா வீடுகளிலும் சன்னலை அடைத்துக் குளிரூட்டியைப் போட்டார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் 22 டிகிரி அறையில் இகுவானா கருத்து ஒடுங்கியதும், புகையால் நோய் வந்துவிட்டதென்று அஞ்சினார்கள். பல வீடுகளில் காரணம் புகை அல்ல, அறையின் குளிர்.

முதல் சோதனைக்குச் செலவில்லை. குளிரூட்டியின் காற்று எங்கே விழுகிறது என்று கையை நீட்டிப் பாருங்கள். கூண்டின் மேல் விழுந்தால் கூண்டை நகர்த்துங்கள், அல்லது காற்றின் திசையை மாற்றுங்கள். நகர்த்த இடமே இல்லையென்றால் காற்று படும் பக்கத்தையும் மேற்புறத்தில் பாதியையும் தடித்த அட்டையால் மறைக்கலாம். விளக்கின் வெப்பம் அட்டையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது விளக்கு. வீடு மாறும்போது லாரியில் குலுங்கிய வெப்ப விளக்கு ஒளிரும், ஆனால் பழைய உயரத்தில் மாட்டப்பட்டிருக்காது. கிளையும் இடம் மாறியிருக்கும். விளக்குக்கும் கிளைக்கும் நடுவே ஒரு சாண் கூடினாலே வெப்பம் பல டிகிரி குறையும். உணரியைக் கிளையில் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நேரக் கட்டுப்படுத்தி வைத்திருப்பவர்கள் மின்தடைக்குப் பிறகு அது தன் நேரத்தை இழந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பகலில் இருட்டும் இரவில் வெளிச்சமுமாக ஓடிக்கொண்டிருந்த கூண்டுகளைக் கண்டிருக்கிறேன்.

செலவு அடுத்த படியில்தான் வருகிறது. இரவிலும் குளிரூட்டி ஓடியே ஆக வேண்டிய வீட்டில் ஒளி உமிழாத பீங்கான் வெப்பக் குமிழும் அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் தேவை. குமிழைச் சுற்றி வலைக்கூண்டு கட்டாயம். சூடேறும் செயற்கைப் பாறை என்று கடைகளில் விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். இகுவானாவுக்கு வயிற்றுப் பக்கத்துச் சூடு சரியாக உறைக்காது. வெந்து புண்ணான பிறகும் அதன் மேலேயே படுத்திருக்கும்.

உடல் சூடேறும் வரை உணவை வற்புறுத்தாதீர்கள். குளிர்ந்த உடலில் இலை செரிக்காது. வெப்பத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் நிறம் வெளுத்து, கிளைக்கு ஏறி, இலையைக் கடிக்கத் தொடங்கும். அளவுகள் எல்லாம் சரியாக இருந்து இரண்டு முழு நாட்கள் கடந்தும் கருத்தே கிடந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

அறிகுறி 2: உச்சியில் ஏறி ஒளிகிறது, நிறம் நன்றாக இருக்கிறது, ஆளில்லாதபோது உண்கிறது

இது பயம். உங்கள் கைப்பேசிப் பதிவு இதைத் தெளிவாகக் காட்டும்: வீடு அடங்கியதும் இறங்கி வரும், இலையைத் தின்னும், வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஏறிவிடும். எச்சமும் ஒழுங்காக இருக்கும். இதில் அவசரம் எதுவும் இல்லை. ஆனால் எதைக் கண்டு பயப்படுகிறது என்று தேட வேண்டும், தேடலை மேலிருந்து தொடங்க வேண்டும்.

இகுவானாவின் உச்சந்தலையில் வெளிறிய ஒரு செதில் தெரியும். அது உருவங்களைக் காணாது, வெளிச்சமும் நிழலும் மாறுவதை மட்டும் உணரும் மூன்றாவது கண். மேலிருந்து நிழல் விழுந்தால் அதற்குப் பருந்துதான். புதிய வீட்டில் கூண்டின் மேல் சுழலும் மின்விசிறிதான் நான் காணும் காரணங்களில் முதலிடம் பிடிக்கிறது. விளக்குக்கும் கூண்டுக்கும் இடையே மின்விசிறி இருந்தால் நாள் முழுக்க நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் அந்த விசிறியை நிறுத்திவிட்டு, மேசை விசிறி போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கூண்டை மாற்றி வையுங்கள், அல்லது மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மூடுங்கள். இன்னொன்று: வெளியே உலவவிடும் வீடுகளில் ஓடும் மின்விசிறி உயிருக்கே ஆபத்து. அலமாரி மேலிருந்து தாவும் இகுவானா விசிறியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

பிறகு சன்னல். தரை வீட்டிலிருந்து பதினைந்தாவது மாடிக்குக் குடிபோனவர்கள், இதற்கு நல்ல காட்சி கிடைக்கும் என்று கூண்டைச் சன்னலோரம் வைப்பார்கள். அன்பான எண்ணம்தான். பினாங்கில் கடலோர மாடிகளுக்கு நேர் எதிரே செம்பருந்துகள் வட்டமிடுகின்றன. கோலாலம்பூரில் காகங்கள் கம்பியில் வந்து உட்காருகின்றன. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்தபடி உடலைத் தட்டையாக்கி உறைந்து நிற்கிறதா? அப்படியென்றால் பறவையைத்தான் பார்க்கிறது. சன்னல் பக்கம் மட்டும் துணி கட்டி மூன்று நாள் பாருங்கள்.

எதிரே புதிதாக நிலைக்கண்ணாடியோ பளபளக்கும் பெரிய தொலைக்காட்சித் திரையோ வந்திருக்கிறதா? ஆண் இகுவானா தன் உருவத்தைப் போட்டி ஆணாக நினைத்துத் தலையாட்டி, தாடைத் தோலை விரித்துக் காட்டும். போட்டி ஆள் ஓயவே மாட்டான் என்பதால் சில இகுவானாக்கள் மனம் தளர்ந்து ஒளிந்துவிடும். கண்ணாடியைத் திருப்பினால் போதும்.

புதிய பூனை, நாய். பூனை கூண்டைத் தொட வேண்டியதே இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாலே இகுவானா இறங்காது. பூனை அந்த அறைக்குள் வராதபடி கதவைச் சாத்துங்கள். "இரண்டும் நண்பர்களாகிவிடும்" என்று காத்திருப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். புதிதாக வந்தது இன்னொரு இகுவானா என்றால் நிலைமை இன்னும் கடுமை. வலியது வெயில் காயும் கிளையைப் பிடித்துக்கொள்ளும், எளியது ஒளிந்து ஒளிந்து குளிரிலேயே மெலியும். தனிக் கூண்டு போதாது, ஒன்றையொன்று பார்க்கவே கூடாது.

சத்தமும் அதிர்வும். மேல் மாடியில் புதுப்பிப்பு வேலை, துளையிடும் இயந்திரம். தைப்பூச இரதம் செல்லும் பாதையை ஒட்டிய வீடுகளில் உறுமி மேளம். பினாங்கில் சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் நள்ளிரவில் வெல்ட் கீ படகுத்துறைப் பக்கம் ஜேட் பேரரசர் வழிபாட்டுக்கு வெடிக்கும் பட்டாசு. தீபாவளி நம்முடையது, சொல்ல வேண்டியதில்லை. இவை வந்துபோகும் மாற்றங்கள். முதல் நாளே கூண்டை உள்ளறைக்கு நகர்த்தி, சுவரையும் தரையையும் நேரடியாகத் தொடாதபடி அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, மூன்று பக்கமும் துணி கட்டுங்கள். எல்லாம் அடங்கிய பிறகும் சில நாட்கள் ஒளிந்திருக்கும். விட்டுவிடுங்கள்.

எதுவும் பிடிபடவில்லையா? ஒரு நாற்காலியை எடுத்துக் கூண்டின் பக்கத்தில் போட்டு, கண் மட்டம் இகுவானாவின் மட்டத்துக்கு வரும்படி உட்காருங்கள். கால் மணி நேரம் அங்கிருந்து வீட்டைப் பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் புலப்படாத ஒன்று அங்கே தெரியும். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் சரிபார்த்து ஓய்ந்த பிறகு, காற்றில் ஆடும் புதிய தோரணம்தான் காரணமென்று இப்படி உட்கார்ந்துதான் கண்டுபிடித்தோம். சில வீடுகளில் கூண்டே தாழ்வாக இருப்பதுதான் குறை. நாம் அதற்கு மேலே நடமாடுகிறோம் என்பதே அதற்குப் போதுமான பயம். அதன் கிளை நம் தலை மட்டத்துக்கு வரும்படி உயர்த்துங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அந்தக் குழப்பமே புதிய காரணமாகிவிடும்.

உணவைக் கீழே வைத்து அழைக்காமல், ஒளியும் கிளைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். முருங்கைக்கீரை, செம்பருத்தி இலையும் பூவும், பாசாரில் (சந்தையில்) கிடைக்கும் சாவி கீரை (கடுகுக்கீரை வகை), துருவிய பூசணி. முருங்கையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, அதனால் எனக்கு அதுதான் முதல் தேர்வு. பாயம் என்று வாங்கும் தண்டுக்கீரை வகைகளும் பசலையும் எப்போதாவது போதும், நாள்தோறும் வேண்டாம். சாப்பிடவில்லையே என்று முட்டையோ இறைச்சியோ கொடுத்து ஆசைகாட்டாதீர்கள். சிறுநீரகம் பாழாகும்.

அறிகுறி 3: ஒருவரைக் கண்டால் மட்டும் ஒளிகிறது

அந்த ஒருவர் வீட்டுக்குப் புதியவராக இருப்பார், அல்லது மருந்து கொடுத்தவராக, நகம் வெட்டியவராக இருப்பார். தொப்பி, தலைக்கவசம், தோளில் போட்ட துண்டு இவைகூட ஆளை அடையாளம் தெரியாமல் செய்துவிடும்.

அவர் தினமும் ஒரே நேரத்தில் வந்து, கூண்டுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, தன் வேலையைப் பார்க்க வேண்டும். நேராக முறைத்துப் பார்க்கக் கூடாது. எழுந்து போகும்போது ஒரு செம்பருத்திப் பூவை வைத்துவிட்டுப் போகலாம். "அத்தை, நீங்கள் தொட வேண்டாம், பூவை மட்டும் வைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். இகுவானாவைக் கண்டு முகம் சுளித்த பெரியவர்களே சில வாரங்களில் அதற்கு முருங்கை உருவிக் கொடுப்பவர்களாக மாறுவதைப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த காட்சி.

அறிகுறி 4: புகை, சாய வாடை, பூச்சிமருந்துக்குப் பின் ஒளிகிறது

வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், புதுச் சாயம், டிங்கிக் கொசுவுக்காகத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அடிக்கும் மருந்துப்புகை. இவற்றில் கடைசி மிகவும் ஆபத்தானது, கொசுவத்தியும் சாதாரணமானது அல்ல. மருந்துப்புகை அடிக்க வருகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் இகுவானாவை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். முடியாவிட்டால் சன்னல் கதவுகளை அடைத்த உள்ளறையில் வைத்து, உணவையும் தண்ணீரையும் அகற்றி, ஈரத்துணியால் கதவு இடுக்கை அடையுங்கள். திரும்பக் கொண்டுவருவதற்கு முன் கிளைகளையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் கழுவுங்கள்.

சாயம் பூசிய அறையில் வாடை முழுதும் போன பிறகே கூண்டை வையுங்கள். உங்கள் மூக்குக்கு வாடை தெரிந்தால் அதற்கும் தெரியும்.

வெறும் ஒளிதல் மட்டுமென்றால் நல்ல காற்றோட்டத்தில் ஒரு நாளில் தேறும். உடல் நடுக்கம், எச்சில் வடிதல், கால்கள் பின்னுதல், வாய் திறந்து மூச்சுவிடுதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் நச்சு ஏறியிருக்கிறது. காத்திருக்காமல் மருத்துவரிடம் புறப்படுங்கள். எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

மூக்கின் ஓரத்தில் வெண்ணிறப் பொடியும் தெளிவான தும்மலும் இயல்பானவை. உடலின் மிகை உப்பை அது அப்படித்தான் வெளியேற்றும்.

அறிகுறி 5: மாறியபோது நன்றாக இருந்தது, சில மாதங்கள் கழித்து ஒளியத் தொடங்கியது

இந்த அறிகுறியைத்தான் மக்கள் தவறவிடுகிறார்கள். மாற்றம் நடந்து நாளாகிவிட்டதால் அதோடு இதைத் தொடர்புபடுத்தத் தோன்றுவதில்லை. எனவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பட்டர்வொர்த்திலோ கிள்ளானிலோ தரை வீட்டில் இருந்தவரை இகுவானா காலையில் ஐந்தடியில் (வீட்டு முகப்பு நடைபாதையில்) வெயில் காய்ந்திருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, வலைக்கதவு வழியாக வெயில் வந்தது, அது காய்ந்தது. கொண்டோமினியத்துக்கு மாறிய பிறகு கண்ணாடிக் கதவு வழியாக அதைவிட அதிக வெளிச்சம் வருகிறது, வெப்பமும் இருக்கிறது, உரிமையாளருக்குக் கவலையில்லை. ஆனால் வெயிலில் உள்ள, இகுவானாவின் எலும்புக்குத் தேவையான யூவிபி என்ற புற ஊதாக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். சில மாதங்களில் எலும்பு வலுவிழக்கும். ஏறுவதற்கு வலிக்கும், அதனால் தாழ்வான மறைவிடத்திலேயே கிடக்கும். அது பயந்து ஒளியவில்லை, ஏற முடியாமல் கிடக்கிறது.

சோதனைகள்: யூவிபி விளக்கு இருக்கிறதா? எப்போது வாங்கியது? கண்ணுக்கு ஒளிர்ந்தாலும் அதன் யூவிபி குறைந்துகொண்டே போகும். வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்ற வேண்டும். வாங்கிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி வையுங்கள். விளக்குக்கும் இகுவானாவுக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிய வேண்டும்.

மாடி முகப்பில் காலை வெயில் விழுந்தால் பாதுகாப்பான வலைக்கூண்டில் வைத்து அரைமணி நேரம் காட்டலாம், பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும்.

அடுத்து உடலைப் பாருங்கள். பின்னங்கால் தொடை திடீரென்று "கொழுகொழு" என்றானதா? அது சதை வளர்ச்சி அல்ல, எலும்பு நோயின் வீக்கமாக இருக்கலாம். கீழ்த்தாடை சமச்சீராக இருக்கிறதா? விரல்கள் துடிக்கின்றனவா? நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்குகிறதா? இவற்றில் ஒன்று தவறினாலும் விளக்கு வாங்குவதோடு நிறுத்தாதீர்கள். எக்ஸ்ரேயும் இரத்தச் சோதனையும் தேவைப்படும் கட்டம் இது. சுண்ணாம்புச் சத்துப் பொடியை நீங்களே அள்ளிக் கொட்டுவதும் சரியல்ல, அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உடைந்துவிடக்கூடிய எலும்பு என்பதால் தூக்கும்போது மார்பையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்குங்கள்.

அறிகுறி 6: பெண் இகுவானா மூலைகளில் தோண்டுகிறது, இருட்டைத் தேடி ஒளிகிறது

முட்டை. ஆண் துணையே இல்லாமலும் வளர்ந்த பெண் இகுவானா முட்டையிடும். எனவே "இதுவரை தனியாகத்தானே வளர்ந்தது" என்ற காரணத்தை ஏற்காதீர்கள். வயிறு பருத்து, இடுப்பும் வால் அடியும் மெலிந்து, உணவு குறைந்து, ஆனால் சுறுசுறுப்பாக அலைந்து தோண்டினால் அது இயல்பான கருப்பருவம்தான்.

அதன் உடல் முழுதும் நுழைந்து திரும்பும் அளவுக்குப் பெரிய, இருண்ட மூடிய பெட்டி ஒன்றில் ஈர மண்ணும் மணலும் கலந்து முழங்கை ஆழத்துக்கு நிரப்பிக் கொடுங்கள். 29, 30 டிகிரி அளவில் வைத்திருங்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். கூண்டு மாறிய வீடுகளில் தோண்டும் இடம் கிடைக்காமல் முட்டையை அடக்கிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். நாள்கணக்கில் தள்ளிப்போனால் அது உயிரைக் குடிக்கும்.

தோண்டுவதை நிறுத்திச் சோர்ந்து படுத்துவிட்டால், முக்கியும் முட்டை வராவிட்டால், சில முட்டைகளோடு நின்றுபோய் வயிறு இன்னும் கட்டிகட்டியாக இருந்தால் அன்றே மருத்துவர். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடும். இந்தப் பட்டியலில் செலவு மிகுந்தது இதுதான், தள்ளிப்போடக் கூடாததும் இதுதான்.

அறிகுறி 7: கூண்டிலேயே இல்லை, வீட்டுக்குள் எங்கோ ஒளிந்துவிட்டது

எல்லாக் கதவையும் சாத்தி, மின்விசிறிகளை நிறுத்தி, கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தேடுங்கள். முதலில் மேலே: திரைச்சீலைக் கம்பி, அலமாரி உச்சி, சாமி மாடத்துக்கு மேல். பிறகு சூடான இடங்கள்: குளிர்பெட்டியின் பின்புறம், தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறம். குளிர்பெட்டியை இழுக்கும் முன் கைவிளக்கால் அடியிலும் பின்னாலும் பாருங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தை அன்று முழுவதும் இயக்க வேண்டாம்.

கண்டதும் பாயாதீர்கள். அது பகல் விலங்கு. இரவில் அயர்ந்து தூங்கும், நிறம் வெளிறியிருக்கும், எடுப்பதும் எளிது. இடம் பாதுகாப்பானதென்றால் இருட்டும்வரை விட்டுவிட்டு, ஒரு துண்டைப் போர்த்தி மெல்ல எடுங்கள். வெளியே போய்விட்டதென்றால் தரையைத் தேடி நேரத்தை வீணாக்காமல், வீட்டுக்கு மிக அருகில் உள்ள மரத்தை அண்ணாந்து பாருங்கள். மறுநாள் காலை முதல் வெயில் படும் கிளையில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

எடுத்த பிறகு கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். தவழ்ந்து போன சமையல் மேடையையும் துடையுங்கள். ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா கிருமி பரவும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

மேலே சொன்னவை தவிர: வளர்ந்த இகுவானா ஒரு வாரம் எதையும் உண்ணவில்லை. குட்டியென்றால் இரண்டு மூன்று நாட்களே அதிகம். கண் குழிந்திருக்கிறது, எச்சில் பசைபோல் இழுக்கிறது. வாய் திறந்து மூச்சுவிடுகிறது, மூச்சில் சளிச் சத்தம் கேட்கிறது. எச்சத்தின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியிருக்கிறது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போகிறது. இரவு பகல் எந்நேரமும் தரையிலேயே கிடக்கிறது. இவற்றில் எதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை. அவசரம் வருவதற்கு முன்பே, உங்கள் பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று தொலைபேசியில் கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையையும் அழைத்து விசாரிக்கலாம். பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) உரிமம் முதலிய ஆவணங்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

கொண்டுபோகும்போது காற்றோட்டமுள்ள, மூடியுள்ள பெட்டியில் துண்டை விரித்து, வெளியே துணி போர்த்தி இருட்டாக்குங்கள். இருட்டில் அமைதியாக இருக்கும். நீங்கள் எழுதிய வெப்ப அளவுகள், தேதிகள், கைப்பேசிப் பதிவு, கடைசி எச்சத்தைச் சிறு டப்பாவில் எடுத்து வைத்திருந்தால் அது ஆகியவற்றோடு போங்கள். காரில் ஏறியதும் குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைச் சற்றே இறக்கிவிடுங்கள். வழியில் ஏதேனும் வாங்க நின்றால் பெட்டியைக் காருக்குள் விட்டுவிட்டு இறங்க வேண்டாம்.